நான்கு மூலையிலும் மஞ்சள்

ஆறு வாரத்துக்குச் சிரிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துத்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தும்ம வேண்டும். குடம் தூக்கக் கூடாது. சிரிக்கவே கூடாது. தையல் பிரிந்துவிடுமாம். குடத்தை நான் எந்தக் காலத்திலும் தூக்கியதில்லை, அதனால் அதில் எனக்கு நஷ்டமில்லை. ஆனால் சிரிப்பதும் சிரிக்க வைப்பதும்தான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த தொழில். தினமும் ரயிலேறிப் போய்க் கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதெல்லாம் சம்பளத்துக்காக.

சிரிக்க முடியாத வாரங்களில் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இது உபயோகப்படும். நெருங்கிய நண்பர் உள்ளவர்களுக்கும் உபயோகப்படலாம்.

இரண்டு வருடமாகவே நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல். சோடா குடித்தேன், வெள்ளைப் பவுடர் தின்றேன், காப்பியை மட்டும் விடவில்லை. பிறகு முதல் நாள் மத்தியானம் சாப்பிட்ட சாதம் மறுநாள் காலை போட்டது போட்டபடி வாந்தியாக வர ஆரம்பித்தது. டாக்டர் என்னைப் படுக்க வைத்து, வயிற்றில் காதை வைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக் குலுக்கினார். பாதி நிரம்பிய தவலையை ஆட்டினால் வருமே, அந்தச் சத்தம் எனக்கே கேட்டது.

“இரைப்பையிலிருந்து குடலுக்குப் போற வாசல் சுருங்கிப் போயிருக்கு. பழைய புண் ஆறி ஆறித் தழும்பாகி அடைச்சிருக்கலாம்” என்றார்.

“லாம்னா?”

“வேற கட்டி ஏதாவதும் இருக்கலாம்.”

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. இரும்புலியூரில் மைத்துனரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவதாக இருந்தவன், ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி எங்கேயோ வயல்வெளியில் இறங்கி நின்றேன். கண்டக்டர், “எங்க சார் போவணும்?” என்றார். அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து பேரியம் சோதனை. சுண்ணாம்பைக் கரைத்தது போல ஒரு தம்ளர் கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டு இருட்டறையில் எக்ஸ்ரே முன்னால் நிற்க வேண்டும். அந்த வெள்ளை போகிற வழி படத்தில் தெரியும். என் படத்தில் வழியே தெரியவில்லை. இரைப்பை மட்டும் மளிகைக்கடைக் கோணிப்பை மாதிரி இடுப்பு வரை தொங்கியது. தழும்பா, கட்டியா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

இங்கே என் ஜாதகத்தைச் சொல்லிவிட வேண்டும், ஜாதகம் எனக்குக் கிடையாது என்றாலும். என் பெயர் சபாபதி. பெயரில் மட்டும் சிவன் இருக்கிறார், அது என் அப்பா செய்த ஏற்பாடு. இருபது வயதிலிருந்து நான் கும்பிட்டதில்லை. எங்கள் காலனியில் கோயில் கட்டியபோது வசூலுக்கு வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். தபால்காரருக்கு வழி சொல்லும்போது, “நாத்திகர் வூட்டுக்கு அடுத்த வூடு” என்பார்கள். பகை எதுவும் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்றதும் தெரு முழுக்க வந்தது. ஒருவர் திருநீறு, ஒருவர் துளசி, எதிர்வீட்டு டீச்சரம்மா மந்திரித்த எண்ணெய். எல்லோரும் அன்பானவர்கள். ஆனாலும் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது: “கடைசியில் சாமி கேட்டுவிட்டார், பார்த்தாயா?”

அவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். ஏனென்றால் என் பக்கத்தில் மாசிலாமணி இருந்தான்.

தாம்பரத்திலிருந்து காலையில் கிளம்பும் மின்சார ரயிலில் மூன்றாவது பெட்டி பஜனைப் பெட்டி. ஆபீஸ் போகிறவர்கள் ஜால்ராவோடு ஏறி, கடற்கரை நிலையம் வரை பாடிக்கொண்டு வருவார்கள். பஜனைக்குத் தலைவர் வரதராஜன், திருநீர்மலைக்குச் சனிக்கிழமை தவறாமல் ஏறுகிறவர். அந்தப் பெட்டியின் ஜன்னலோர மூலையில் பதினோரு வருடமாக நானும் மாசிலாமணியும். வேறு பெட்டிக்குப் போகலாமே என்பீர்கள். காற்று அங்கேதான் வரும். வரதராஜன் எங்களுக்கு ‘அசுரர் மூலை’ என்று பெயர் வைத்திருந்தார். “அசுரர்களே, கொஞ்சம் கால மடக்குங்க, பிரசாதம் வருது” என்பார். நாங்கள் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுச் சாமி இல்லை என்போம்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர் இறந்தார். வாழ்நாள் முழுக்கப் பகுத்தறிவு பேசியவர். போய்ப் பார்த்தால் நெற்றியில் மூன்று பட்டை, வாயில் அரிசி, சங்கு. மகன்கள் மொட்டை. நானும் மாசிலாமணியும் வேப்பமரத்தடியில் திருடர்கள் மாதிரி நின்றோம். திரும்பி வரும்போது அவன்தான் சொன்னான், நான் இல்லை:

“மச்சான், நமக்கு இப்படி நடக்கக் கூடாது. நீ ஒண்ணு எழுதி எங்கிட்டக் குடு. நான் ஒண்ணு எழுதி உங்கிட்டக் குடுக்கிறேன். யாரு முந்துறாங்களோ, மத்தவன் நின்னு நடத்தணும்.”

எழுதினோம். சங்கு வேண்டாம், நெற்றியில் எதுவும் பூச வேண்டாம், பதினாறாம் நாள் வேண்டாம், உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும். நான் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: கமலாவின் பொட்டையும் வளையலையும் யாரும் தொடக் கூடாது. கமலா என் மனைவி. செவ்வாய், வெள்ளி விரதம். அவளிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அழுதால் நான் ஜோக் அடிப்பேன், அதற்கு அவள் இன்னும் அழுவாள்.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருந்த மருத்துவமனையில் சேர்ந்தேன். மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் விட்டு மூன்று நாள் கழுவினார்கள். பழைய சோறு வெளியே வந்து சுத்தமானால்தான் கத்தி வைக்க முடியும். மூக்கில் குழாயோடு ஜோக் அடித்தால் சத்தம் குழாய்க்குள்ளேயே போய்விடுகிறது. நாடியை நானே பிடித்துப் பிடித்து மணிக்கட்டு கன்றிப்போனது. டாக்டரிடம், “இந்த ஆபரேஷன்ல எத்தனை பேர் எழுந்திருக்காம போவாங்க?” என்று கேட்டேன். “நீங்க எழுந்திருப்பீங்க” என்றார். நான் கேட்டது எண்ணிக்கை. காலை, மதியம், மாலை என்று மருந்து மாதிரி வேளைக்கு ஒரு தடவை கேட்டேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை மாசிலாமணி வந்தான். கமலா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள்.

“கடுதாசி இருக்கா?” என்றேன்.

சட்டைப் பையைத் தட்டினான். “நெஞ்சு மேலயே இருக்கு. தூங்கு.”

அந்த ஒரு தட்டில் என் பயம் பாதி இறங்கியது. உண்மையைச் சொன்னால், சாவை விட எனக்கு அந்தச் சங்குதான் பயம். இருபத்தைந்து வருடம் வாய் ஓயாமல் பேசியவன், பதில் பேச முடியாத ஒரு மத்தியானத்தில், நெற்றியில் பட்டையோடு படுத்திருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டு போவார்கள். அதற்குத் தடையாக உலகத்தில் ஒரே ஒரு சட்டைப் பை இருந்தது.

காலையில் ஸ்டெல்லா சிஸ்டர் வந்து, முதுகில் முடிச்சுப் போடும் அந்த அவமான அங்கியை மாட்டிவிட்டார்.

“சார், உள்ள போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் சின்னதா ஒரு ஜெபம் பண்ணுவோம். உங்களுக்கு?”

“எனக்கு நம்பிக்கை இல்லம்மா.”

“எனக்கு இருக்கு சார். ஆனா நீங்க வேணாம்னா பண்ண மாட்டேன்.”

‘நாலு வரி நீட்டியே பண்ணுங்கம்மா’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து, “வேண்டாம்” என்றேன். “சரி சார்” என்று முடிச்சை மட்டும் இறுக்கிவிட்டுப் போனார். மனசுக்குள் பண்ணியிருப்பாரோ என்று பின்னால் கேட்டேன். “சொன்னா சொன்னதுதான் சார்” என்றார்.

முகத்தில் மூடியை வைத்து, ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார்கள். நான் ஸ்டேஷன்களை எண்ணினேன். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். அதற்கு அப்பால் எனக்கு டிக்கெட் இல்லை.

கட்டி இல்லை. தழும்புதான். அடைபட்ட வாசலை அப்படியே விட்டுவிட்டு, இரைப்பையின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு அதைக் குடலோடு தைத்துவிட்டார்கள். மெயின் லைன் அடைத்தால் லூப் லைனில் விடுவது மாதிரி. கூடவே, அமிலத்தைச் சுரக்கச் சொல்லிக்கொண்டிருந்த நரம்பையும் வெட்டிவிட்டார்கள். எனக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியது. கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் வரதராஜனும் இன்னொரு ஜால்ராக்காரரும். மூன்றாம் நாள் வரதராஜன் பார்க்க வந்தார்.

“சபாபதி சார், உள்ள ஓடுறது திருநீர்மலை ஏறி ஏறி வளர்ந்த ரத்தம். திடீர்னு கை கூப்பினா பயந்துடாதீங்க.”

“சிரிக்க வைக்காதீங்க சார், பிரிஞ்சுடும்.”

“சரி, பாடட்டுமா?”

“அதுக்கு இதுவே மேல்.”

நான்காம் நாள் டாக்டர் என் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். குடல் அசையும் சத்தம் வந்தால்தான் வாயால் தண்ணீர். அது வரை நரம்பில் ஏறும் உப்புத் தண்ணீர் மட்டும். ஐந்தாம் நாள் காலை நான் காற்றுப் பிரித்தேன். சிஸ்டர் கை தட்டினார், கமலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் பேச்சு எதற்கும் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை.

மாசிலாமணி தினமும் வந்தான். கட்டிலின் கால் பக்கம் நின்றுகொண்டு, தொங்கும் காய்ச்சல் அட்டையையே படிப்பான். என் முகத்தைப் பார்க்க மாட்டான். நண்பனை இந்தக் கோலத்தில் பார்க்க முடியவில்லை பாவம் என்று நான் உருகினேன். நான் உருகியதை நினைத்தால்தான் இப்போது எனக்குக் கூசுகிறது.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். வந்த நாலாம் நாள் முறுக்கு மாதிரி ஒன்றைத் தின்ன ஆசை வந்து, எனக்கு அனுமதி உண்டா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுப் பட்டியலைத் தேடினேன். கமலா எதிர்வீட்டுக்குப் போயிருந்தாள். முக்கியமான காகிதம் எல்லாம், ரேஷன் கார்டிலிருந்து, அவள் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால்தான் வைப்பாள். நான் அந்தப் பக்கம் கையை நீட்டியவனில்லை. அன்று நீட்டினேன்.

பட்டியல் கிடைத்தது. அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போல. ‘காரம் கூடாது, வறுத்தது கூடாது’ என்பதற்கு இப்படி ஒரு மங்களம். தையலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

அதற்கு அடியில் இன்னொரு காகிதம் இருந்தது. அதன் நான்கு மூலையிலும் மஞ்சள். பிரித்தால் என் கையெழுத்து. “சங்கு ஊதக் கூடாது.”

கமலா வந்தபோது நான் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்தக் கணத்தையும் நான் பார்த்துத் தொலைத்தேன்.

“இது எப்படி இங்க வந்தது?”

“மாசிலாமணி அண்ணா குடுத்தாரு.”

“நீ கேட்டியா?”

“அப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாதே. கேக்குறதுக்கு?”

“எப்ப குடுத்தான்?”

“உங்கள உள்ள தள்ளிட்டுப் போய் பத்து நிமிஷம் இருக்கும். கையில திணிச்சுட்டு, ‘தங்கச்சி, இது என்னால ஆகாது, உங்க வழக்கம் எதுவோ அதப் பண்ணிக்குங்க’ன்னாரு. டீ குடிக்கப் போயிட்டாரு.”

நான் பல்லாவரத்தில் இருந்தபோதே என்னை இறக்கிவிட்டான்.

“மஞ்சள் எதுக்கு?”

“சாவு எழுதின காகிதத்த வெறுமனே வீட்டுல வெக்கலாமா? நீங்க எழுதினதாச்சே, எரிக்கவும் மனசு வரல.” புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “அந்தக் கதவுக்கு வெளிய பெஞ்சில உக்காந்து படிச்சேன். என் பொட்டப் பத்தி எழுதியிருக்கீங்க. என் வளையலப் பத்தி எழுதியிருக்கீங்க. அது மாசிலாமணி அண்ணாவுக்கு மூணு வருஷமாத் தெரியும். எனக்குத் தெரியாது.”

“நீ அழுவேன்னு...”

“நீங்க நம்பின ஆளு பத்து நிமிஷம் தாங்கல. நம்பாத ஆளு இத்தனை நாளா மஞ்சள் தடவி வெச்சிருக்கேன்.”

“நான் எழுந்திருக்காம போயிருந்தா, இதுல இருக்கிறபடி செஞ்சிருப்பியா?”

தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்துவிட்டாள். “பொட்ட யாரையும் தொட விட்டிருக்க மாட்டேன். மத்ததுக்கு இப்ப என்னைக் கேக்காதீங்க.”

இருபது வருடக் குடித்தனத்தில் எங்களுக்குள் நடந்த நேரான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அதில் எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை.

மறுநாள் இரும்புலியூரிலிருந்து அவள் அண்ணன் நடேசன் வந்தார். மனசில் எதுவும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

“ஆமாம் மாப்ள, உன் தோஸ்து ‘உங்க வழக்கப்படி பண்ணிக்குங்க’ன்னதும் நான் ஆஸ்பத்திரியிலேர்ந்தே ஆள விட்டு சங்குக்காரனுக்குச் சொல்லிட்டேன். பந்தலுக்கும் ஒரு வார்த்த போட்டு வெச்சேன். எல்லாம் ரெடியா கீது, நீதான் வரல!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். இவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இவர் எந்தச் சட்டைப் பையையும் தட்டி எனக்கு வாக்குக் கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி ஆரோரூட் பிஸ்கெட் பொட்டலத்தோடு வந்தான். நான் கடிதத்தை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன். மஞ்சள் மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“தங்கச்சி எரிச்சிருக்கும்னு நெனச்சேன்” என்றான்.

முதல் வார்த்தையே அதுதான்.

“ஏன்டா?”

பொட்டலத்தின் நூலைப் பிரித்து விரலில் சுற்றினான். “கதவ மூடினாங்க. மேல சிவப்பு லைட்டு எரிஞ்சுது. நீ போயிட்டா, உன் மச்சான் ஆளுங்களோட நிப்பாரு. தெருவே நிக்கும். அவங்க நடுவுல நான் ஒத்தை ஆளாப் பையிலேர்ந்து இந்தக் காகிதத்த எடுத்து நீட்டணும். அடிப்பாங்கன்னு பயம் இல்ல மச்சான். எல்லாரும் என்னையே பாப்பாங்களேன்னு இருந்துச்சு.”

“பத்து நிமிஷம்தான்டா ஆச்சு. நான் அப்ப உயிரோட இருந்தேன்.”

அவன் பொட்டலத்தைக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

“சரி, பொழைச்ச பிறகாவது சொல்லியிருக்கலாமே? தினமும் வந்தியே.”

“சொல்லணும்னுதான் தினமும் வந்தேன்.”

காய்ச்சல் அட்டையை அவன் ஏன் அப்படிப் படித்தான் என்று அப்போது புரிந்தது. என் காய்ச்சல் அவனுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

எழுந்து நின்றவன், வாசல் வரை போய்த் திரும்பினான்.

“என்னோட கடுதாசி உங்கிட்ட இருக்கா?”

“இருக்கு. எடுத்துட்டுப் போறியா?”

“வேணாம், வேணாம். உங்கிட்டயே இருக்கட்டும். நீ செய்வே. எனக்குத் தெரியும்.”

சமையலறையிலிருந்து கமலா வெளியே வந்தாள். “அண்ணா, அத வாங்கிட்டுப் போய் அண்ணிகிட்டக் குடுங்க. அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.”

“ஐயோ, அவகிட்டயா?” என்று செருப்பைத் தேடினான். கடிதத்தை வாங்காமலே போய்விட்டான்.

அதுதான் எனக்கு ஆறவில்லை. கைவிட்டதைக் கூடப் பயம் என்று தள்ளிவிடலாம். பயத்தைப் பற்றி நான் யாருக்கும் பாடம் எடுக்க முடியாது, நாடி பிடித்தே மணிக்கட்டைக் கன்றவைத்தவன். ஆனால் என் வாக்கு மட்டும் பத்திரமாக இருக்கும் என்று அவனுக்கு எவ்வளவு நிச்சயம்! அவன் சொன்னது சரிதான், நான் செய்வேன். அவன் வீட்டு வாசலில் தெருவே பார்க்க, ஒத்தை ஆளாக நின்று நீட்டுவேன். நரம்பை வெட்டிய பிறகும் இந்த ஒரு எரிச்சல் மட்டும் போகவில்லை.

அவன் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. என் கடிதத்தை மடித்து மறுபடி அந்த முருகன் படத்துக்குப் பின்னாலேயே வைத்துவிட்டேன். வேறு யாரிடம் கொடுப்பது?

இதை எழுதி முடிப்பதற்குள் ஆறு வாரமும் ஆகிவிட்டது. போன வாரம் டாக்டர் வடுவை அழுத்திப் பார்த்துவிட்டு, “இனிமே தாராளமாச் சிரிக்கலாம், சார்” என்றார். திங்கட்கிழமை ரயிலேறினேன். வரதராஜன் எழுந்து வழிவிட்டு, “அசுரர் மூலை உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு” என்றார். மாசிலாமணி எனக்கு ஜன்னல் பக்கத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தான். காற்று நன்றாக வந்தது. குரோம்பேட்டை தாண்டியதும் ஜால்ரா உச்சத்துக்குப் போக, அவன் பழக்கத்தில் என் பக்கம் சாய்ந்து, வரதராஜனின் தாளத்தைப் பற்றி அவனுடைய பழைய ஜோக் ஒன்றைச் சொன்னான். பதினோரு வருடமாக நான் விழுந்து விழுந்து சிரித்த ஜோக்.

கையை வயிற்றில் வைத்துப் பார்த்தேன். வலி எதுவும் இல்லை. சிரிப்பும் வரவில்லை.